ஆற்றுக்கும் மலைப்பாதைக்கும் புதுச் சாமான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையும் பாறையுமாகப் பாயும் ஆற்றில், இருமுனைத் துடுப்பால் தள்ளும் கயாக் என்ற சிறு படகை ஓட்டுவதைத்தான் ஒயிட்வாட்டர் கயாக்கிங் என்கிறார்கள். சுருக்கமாக இங்கே நுரையாறு என்று வைத்துக்கொள்கிறேன். தரை காய்ந்திருந்தால் மவுண்டன் பைக், மழை பெய்து ஆறு ஏறினால் கயாக் என்று பல வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து வருகிறேன். புதிதாக வாங்கப் போகிறவர்கள் என்ன கேட்டாலும் அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: இந்த வருடம் வந்திருப்பது உண்மையிலேயே மேலானதா, இல்லை ஸ்டிக்கர் மட்டும்தான் மாறியிருக்கிறதா? சில சாமான்களில் மாற்றம் பெரிது. பலவற்றில் ஸ்டிக்கர்தான்.

கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது. எதைப் புதிதாக வாங்குவது, எதைப் பழையதாக வாங்குவது?

உடம்பைக் காப்பதைப் புதிதாக வாங்குங்கள். உங்களைச் சுமப்பது பழையதாக இருந்தால் பரவாயில்லை. அதாவது ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், படகின் வாயை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட், பைக்கின் டயர், பிரேக் பேட் எல்லாம் புதிது. படகும் பைக் ஃபிரேமும் இன்னொருவர் ஓட்டியதாக இருக்கலாம். பழைய ஹெல்மெட் எத்தனை முறை கீழே விழுந்தது என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய படகின் அடியைத் திருப்பிப் போட்டாலே அதன் கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளவென்று படகு ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் கிடைத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியைக் கயாக் வாங்குகிறவர்களுக்காகவே சொல்லி வைத்த மாதிரி இருக்கிறது.

ஒரே ஹெல்மெட் இரண்டுக்கும் போதாதா?

போதாது. சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மோகோல் வகை நுரை. ஓர் அடியில் அது நசுங்கி, அந்த அடியின் விசையைத் தான் வாங்கிக்கொள்ளும். நசுங்கிய இடம் பிறகு எழும்பாது. அதனால் பெரிய விழுகைக்குப் பிறகு வெளியே கீறல்கூட இல்லை என்றாலும் மாற்றிவிட வேண்டும். ஆற்றில் கதை வேறு. கவிழ்ந்தபடி ஒரு பாறைத்தொடரைக் கடந்தால் பத்து நொடியில் நாலு அடி விழும். அதற்காகப் பல கயாக் ஹெல்மெட்டுகளில் அமுங்கித் திரும்ப எழும் நுரையை வைக்கிறார்கள். தண்ணீர் வடியவும் வழி இருக்கும், நெற்றியையும் பக்கவாட்டையும் இன்னும் கீழே வரை மூடும். வேகநீர் தலையை இழுக்கும்போது பின்னால் சரியாதபடி பட்டைகளும் அமைந்திருக்கும்.

கயாக் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1385. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: அந்தத் தரம் 1 முதல் 4 வரையிலான ஆற்று வகுப்புகளுக்கு மட்டும்தான். ஆறுகளை 1 முதல் 6 வரை வகுத்திருக்கிறார்கள். 1 என்றால் சிற்றலை, 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பது. 5-ஆம் வகுப்புக்குப் போகிறவர் ‘தரச்சான்று இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. பைக் பக்கம் ஐரோப்பாவில் இஎன் 1078. முழுமுகம் மூடும் டவுன்ஹில் (மலையிறக்க) ஹெல்மெட்டுக்கு அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்1952 இருக்கிறதா என்று பாருங்கள்.

மிப்ஸ் என்ற மஞ்சள் வட்டச் சின்னத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். சாய்வாக விழும்போது ஹெல்மெட் தலைமேல் சில மில்லிமீட்டர் வழுக்கி, மூளை உள்ளே சுழல்வதைக் குறைப்பதற்காக ஸ்வீடன்காரர்கள் உருவாக்கிய உள்ளடுக்கு அது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுத்து வெளியிடுகிறது. நடுத்தர விலை மாடல்கள் பலவும் 5 நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. ஆகவே விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், தலையில் பொருந்துகிறதா என்று பாருங்கள். பட்டையைக் கட்டாமல் குனிந்து தலையை ஆட்டும்போது அசையாமல் நிற்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டில் 50 நியூட்டன் என்று போட்டிருக்கிறது. போதுமா?

நியூட்டன் என்பது தூக்கும் விசை. 50 நியூட்டன் என்றால் சுமார் 5 கிலோ. தண்ணீரில் நம் உடம்பு ஏற்கெனவே கிட்டத்தட்ட மிதக்கும் என்பதால் தலையை மேலே வைக்க அது போதும். ஐஎஸ்ஓ 12402-5 தரத்தில் 70 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கான அளவு அதுதான். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, இந்த வகை ஜாக்கெட் மயங்கியவரை மல்லாக்கத் திருப்பாது, நீந்தத் தெரிந்தவருக்கானது. இரண்டு, ஆற்று நுரையில் பாதி காற்று. காற்று கலந்த தண்ணீர் உங்களை அவ்வளவாகத் தாங்காது. அதனால்தான் பெரிய ஆறு ஓட்டுகிறவர்கள் இன்னும் அதிகம் தூக்கும் ஜாக்கெட்டைத் தேடுகிறார்கள்.

மார்பைச் சுற்றி ஒரு பெல்ட்டும், இழுத்தால் உடனே அவிழும் பிடியும் உள்ள மீட்பு ஜாக்கெட்டுகள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அந்த பெல்ட்டில் கயிறு கட்டிப் பயிற்சி எடுக்காதவருக்கு அது இன்னொரு சிக்கிக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். மீட்புப் பயிற்சி முடித்த பிறகு வாங்கலாம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது தோள்பட்டையை இன்னொருவரைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் வேண்டாம்.

புதுப் படகுகளின் வடிவமே மாறிவிட்டதே, எதை வாங்குவது?

இங்கே மாற்றம் உண்மை. கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். 1970-களின் தொடக்கம் வரை ஆற்றுக் கயாக் பெரும்பாலும் கண்ணாடியிழை. பாறையில் பட்டால் உடையும், ராத்திரி ஒட்டுப்போட்டுக் காலையில் ஓட்டுவார்கள். 1973-இல் ஹாலோஃபார்ம் என்ற நிறுவனம் ரிவர் சேசர் என்ற படகை, சுழலும் அச்சில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தது. அதன் பிறகு கல்லில் மோதுவது பெரிய விஷயமில்லை என்றாகிவிட்டது. இன்றும் பெரும்பாலான படகுகள் அதே முறையில் வார்க்கப்படும் பாலிஎத்திலீன்தான். பொருள் ஏறக்குறைய அதே, வடிவம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போதைய பெரிய மாற்றம் ராக்கர். படகைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மூக்கும் வாலும் வாழைப்பழம் மாதிரி மேலே வளைந்திருக்கும், அதுதான் ராக்கர். புதுப் படகுகளில் மூக்கு வளைவைக் கூட்டியிருக்கிறார்கள். அருவி போல விழும் இடத்தில் மூக்கு தண்ணீருக்குள் செருகாமல் மேலேறி ஓடும். 9 அடி நீளமுள்ள பைரன்ஹா 9ஆர் மாதிரிப் படகுகள் நீளமும் வளைவும் சேர்ந்தால் எவ்வளவு வேகம் வரும் என்று காட்டின. பிறகு எல்லா நிறுவனமும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

இன்னொரு பக்கம் ஹாஃப் ஸ்லைஸ் வந்தது. முன்பாதி குண்டு, பின்பாதி தோசைக்கரண்டி மாதிரி தட்டை. முன்பக்கம் பாதுகாப்பாக மிதக்கும். வாலை மட்டும் தண்ணீருக்குள் அமுக்கிப் படகைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடலாம். பைரன்ஹா ரிப்பர், டேக்கர் ரீவைண்ட், ஜாக்சன் ஆன்டிக்ஸ் எல்லாம் இந்த ஜாதி. தெரிந்த, சுலபமான ஆற்றையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறவருக்கு இது பெரிய வரம். அலுத்துப்போன ஆறு புதிதாகிவிடும்.

முதல் படகாக வாங்குகிறீர்கள் என்றால் என் வாக்கு ரிவர் ரன்னர் வகைக்குத்தான். கிரீக் படகு எனப்படும் பெரிய குண்டுப் படகு தப்பை மன்னிக்கும், ஆனால் கற்றுத்தராது. விளிம்பைச் சாய்க்காமலேயே சமாளித்துப் பழகிவிடுவீர்கள். ஹாஃப் ஸ்லைஸ் ஒவ்வொரு தப்புக்கும் உடனே கவிழ்த்துக் கற்றுத்தரும், கொஞ்சம் அதிகமாகவே. ரிவர் ரன்னர் நடுவில் இருக்கிறது.

எடை வரம்பைப் பார்க்கும்போது உங்கள் உடல் எடையோடு உடை, கயிறு, தண்ணீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் சேர்த்து 8 முதல் 10 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டுத்தொகை தயாரிப்பாளர் சொல்லும் வரம்பின் நடுவில் விழ வேண்டும். மேல் எல்லையை ஒட்டி இருந்தால் படகு மூழ்கியே ஓடும். கீழ் எல்லையை ஒட்டி இருந்தால் நீங்கள் ஓட்ட மாட்டீர்கள், ஆறுதான் ஓட்டும்.

பழைய படகில் எதைப் பார்க்க வேண்டும்?

கீறலைப் பார்க்க வேண்டாம், கீறல் இல்லாத ஆற்றுப் படகு ஆற்றுக்கே போகாத படகு. இருக்கைக்குக் கீழே விரலால் அழுத்துங்கள். பழைய எண்ணெய் டின் மாதிரி டொக்கென்று உள்ளே போய் வந்தால் பிளாஸ்டிக் தேய்ந்து மெலிந்துவிட்டது. உட்காரும் குழியின் விளிம்பிலும் திருகு இறங்கும் ஓட்டைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டினால் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது. அது ஒருநாள் சொல்லாமல் வெடிக்கும். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி ஒட்டவைத்த படகு சுலபமான ஆற்றுக்கு மட்டும்.

அப்புறம், உள்ளே உட்கார்ந்து பாருங்கள். முழங்கால், இடுப்பு, பாதம் மூன்றும் பட வேண்டிய இடத்தில் பட வேண்டும். படகு நீங்கள் போட்டுக்கொள்ளும் உடுப்பு மாதிரி. தொளதொளவென்றிருந்தால் கவிழ்ந்த பிறகு திருப்பி நிமிர்த்த முடியாது.

ஸ்ப்ரே ஸ்கர்ட் சாதாரணத் துணிதானே, அதற்கு ஏன் இவ்வளவு விலை?

இடுப்பில் மாட்டிக்கொண்டு படகின் வாயை மூடும் நியோப்ரீன் மூடி அது. பெரிய அலை மேலே விழும்போது உள்ளே பிய்த்துக்கொண்டு போகாமல் தாங்க வேண்டும். அதே நேரம் நீங்கள் இழுத்தால் ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும். இந்த இரண்டும் எதிரெதிர். நல்ல ஸ்கர்ட்டின் விலை அந்த முரணைச் சமாளிப்பதற்குத்தான். விளிம்பில் எலாஸ்டிக் கயிறு உள்ளது போடவும் கழற்றவும் எளிது. தடித்த ரப்பர் விளிம்பு உள்ளது இறுக்கமாகப் பிடிக்கும், அருவிக்காரர்களுக்கு.

ஒன்றை மட்டும் சத்தியம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் உள்ள இழுப்பு வளையம் வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒருநாள் அவசரத்தில் வளையத்தை உள்ளே மடித்து மூடிவிட்டேன். கவிழ்ந்த பிறகு தேடினால் வளையம் இல்லை. முழங்காலால் முட்டி, பக்கவாட்டில் விளிம்பைக் கிள்ளி எடுத்து வெளியே வந்தேன். தண்ணீர் இடுப்பளவுதான். அன்றைக்குக் குடித்த தண்ணீரின் ருசி இன்னும் மறக்கவில்லை.

துடுப்பின் நீளம் எவ்வளவு? இரண்டு தகடும் ஏன் ஒன்றுக்கொன்று திருகியிருக்கிறது?

நுரையாற்றுத் துடுப்பு பெரும்பாலும் 191 முதல் 203 செ.மீ. கடல் கயாக் துடுப்பு அதைவிட நீளம், அதைக் கொண்டுவராதீர்கள். திருகல் ஒரு காலத்தில் 80, 90 டிகிரி வரை இருந்தது. காற்றை வெட்டிப் போக வசதி, மணிக்கட்டுக்குத் தொல்லை. இப்போது 30 அல்லது 45, சிலர் சுழியம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 30-இல் தொடங்கினால் பின்னால் எந்தப் பக்கமும் போகலாம். கார்பன் இலேசானது, பாறையில் முனை சிதறும். கண்ணாடியிழை கொஞ்சம் கனம், மெதுவாகத் தேயும். முதல் துடுப்பு கண்ணாடியிழையாக இருக்கட்டும், ஏனென்றால் முதல் வருடத்தில் தண்ணீரைவிடக் கல்லைத்தான் அதிகம் துழாவுவீர்கள்.

டிரைசூட் அவசியமா?

குளிர்ந்த ஆறு என்றால் அவசியம். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், திடீரென்று விழுந்ததும் மூச்சு தன்னால் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு தண்ணீருக்கடியில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றின் வெப்பத்தைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து உடுத்த வேண்டும். வெதுவெதுப்பான ஆற்றுக்கு நியோப்ரீன் உடை போதும். உள்ளே பருத்தி மட்டும் வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

டிரைசூட் என்பது கழுத்திலும் மணிக்கட்டிலும் லேடக்ஸ் ரப்பர் வைத்து, தண்ணீர் புகாத ஜிப்போடு முழு உடம்பையும் மூடும் உடை. சன்ஸ்கிரீனும் கொசுவிரட்டியும் லேடக்ஸைத் தின்னும், பூசிய கையால் தொடாதீர்கள். ஜிப் உலோகம் என்றால் மெழுகு, பிளாஸ்டிக் என்றால் அதன் முனையில் சிலிக்கோன் கிரீஸ். காயவைப்பது நிழலில்.

துணியில் இப்போது நடக்கும் மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிஎஃப்ஏஎஸ் எனப்படும், மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும் வேதிப்பொருள்களை வெளிப்புற உடைத் தயாரிப்பாளர்கள் கைவிட்டு வருகிறார்கள். கோர்டெக்ஸ் செய்யும் கோர் நிறுவனம் 2022 முதல் ஃபுளோரின் இல்லாத புதுப் படலத்தை உடைகளில் கொண்டுவந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஃபுளோரின் இல்லாத மேல்பூச்சு எண்ணெயையும் வியர்வையையும் அவ்வளவாகத் தள்ளாது. பழைய துணியை வருடம் ஒருமுறை துவைத்துப் பழகியவர்கள் புதுத் துணியை அடிக்கடி துவைக்க வேண்டும். ‘புதுசு, அதற்குள் ஊறுகிறது’ என்று புகார் சொல்கிறவர்களில் பாதிப் பேர் துவைக்காதவர்கள்.

எறிகயிற்றுப் பை வாங்கிவிட்டேன். போதுமா?

தண்ணீரில் விழுந்தவருக்கு எறியும் பையை வாங்குவது கால்பங்கு. 15 முதல் 20 மீட்டர் வரை மிதக்கும் கயிறு, கையில் அறுக்காத தடிப்பு, சரி. அதை எறியப் பழகுவதுதான் மிச்சம் முக்கால். முதல் எறி தப்பினால் கயிற்றைச் சுருட்டி இரண்டாம் முறை எறிய உங்களுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கரையில் நின்று எண்ணிப் பாருங்கள். கயிறு உள்ளவரிடம் கத்தியும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓடும் தண்ணீரில் தளர்ந்த கயிறு யாரையும் கட்டிவிடும்.

பைக்குக்கு வருவோம். 29 அங்குலமா, 27.5-ஆ, இரண்டும் கலந்ததா?

டயரின் பெயரில் உள்ள அங்குலம் தோராயம். உண்மையான அளவு வளையத்தில் டயர் உட்காரும் விட்டம்: பழைய 26-க்கு 559 மி.மீ., 27.5-க்கு 584, 29-க்கு 622. சாலை சைக்கிளின் 700சி சக்கரமும் அதே 622தான். புது டயர் வாங்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள்.

பெரிய சக்கரம் கல்லின்மேல் சுலபமாக ஏறும், வேகத்தைத் தக்கவைக்கும். சின்னச் சக்கரம் வளைவில் சட்டென்று திரும்பும், பின்பக்கம் இடிக்காது. இரண்டையும் கலந்து முன்னால் 29, பின்னால் 27.5 வைப்பதை மல்லெட் என்கிறார்கள். 2019-இல் உலக சைக்கிள் சங்கமான யுசிஐ டவுன்ஹில் பந்தயங்களில் அதை அனுமதித்த பிறகு பரவியது. குள்ளமானவர்களுக்குச் செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கரம் பின்புறத்தில் உரசாமல் இருக்க இது கைகொடுக்கும். மற்றபடி 29 எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். 32 அங்குலம் என்று 2025 முதல் பேச்சு பலமாகியிருக்கிறது. டயரும் ஃபோர்க்கும் தாராளமாகக் கிடைக்கும் வரை அதை வேடிக்கை பார்க்கலாம்.

பத்து வருடப் பழைய பைக் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட வேண்டுமா?

ஃபிரேமின் அளவுகள்தான் இந்தப் பத்து வருடத்தில் நடந்த உண்மையான முன்னேற்றம். முன்ஃபோர்க் தரையோடு செய்யும் கோணம் 68, 69 டிகிரியாக இருந்தது. இன்றைய டிரெயில், என்டியூரோ பைக்குகளில் 63 முதல் 66. முன்சக்கரம் உடம்பைவிட்டுத் தள்ளி நிற்பதால் இறக்கத்தில் தலைகுப்புற விழும் பயம் குறைகிறது. இருக்கைக் குழாய் நிமிர்ந்து 76, 77 டிகிரிக்கு வந்துவிட்டது. ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காது. ஹேண்டில்பார் 780 மி.மீ. வரை அகன்று, அதை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் 50-க்கும் கீழே சுருங்கியது.

ஃபிரேமின் கோணத்தை நீங்கள் பெரிதாக மாற்ற முடியாது. ஆனால் குட்டை ஸ்டெம், அகலமான பார், நல்ல டயர், சீட்டை இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட் நான்கையும் பழைய பைக்கில் போட்டால் புது பைக்கின் பாதிச் சுகம் வந்துவிடும். போட்டுப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

டிராப்பர் போஸ்ட் என்பது ஆடம்பரம் இல்லையா?

இல்லை. விரலால் ஒரு நெம்புகோலைத் தட்டினால் சீட் கீழே இறங்கும், மறுபடி தட்டினால் ஏறும். இறக்கத்தில் சீட் வயிற்றில் முட்டாது; உடம்பைத் தாழ்த்தி பைக்கைக் கீழே ஆடவிடலாம். 2022-இல் ஸ்லோவேனிய வீரர் மாதேய் மோகோரிச் சாலைப் பந்தயமான மிலான்–சான் ரெமோவில் டிராப்பர் போட்டுக் கடைசி இறக்கத்தில் பாய்ந்து வென்றார். மலைக்காரர்களின் சாமானைச் சாலைக்காரர்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது. பைக்கில் ஒரே ஒரு சாமான் மாற்றக் காசு இருக்கிறது என்றால், டயருக்கு அடுத்து இதுதான்.

கம்பி இல்லாத எலக்ட்ரானிக் கியர்?

சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் 2023-இல் டிரான்ஸ்மிஷன் என்று கொண்டுவந்தது. செயினை நகர்த்தும் பின் கியர் மாற்றியை ஃபிரேமிலேயே நேராகப் பூட்டுவார்கள், நடுவில் ஹேங்கர் என்ற வளையும் துண்டு இல்லை. அதற்கு ஃபிரேமில் யுடிஎச் என்ற பொதுப் பூட்டிடம் வேண்டும். ஷிமானோ 2025-இல் கம்பியில்லா எக்ஸ்டிஆர் வெளியிட்டது. இரண்டும் ஏற்றத்தில் முழு பலத்தில் மிதிக்கும்போதே அழகாக மாறுகின்றன.

நான் கேபிளோடுதான் இருக்கிறேன். பாறையில் மோதி உடைந்தால் கேபிள் வகையை மாற்றுவது பர்ஸைக் கடிக்காது, பேட்டரி மறந்துவிட்டோமே என்ற கவலையும் இல்லை. சேற்றில் அதிகம் ஓட்டுகிறவர், கைவிரல் வலி உள்ளவர் எலக்ட்ரானிக் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். எந்த கியரானாலும் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றுங்கள், இல்லையென்றால் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.

டயரில் காற்று எவ்வளவு?

எல்லோரும் ஒரே எண்ணைக் கேட்கிறார்கள். ஒரே எண் கிடையாது. டியூப் இல்லாத டயரில், 70 கிலோ ஆள், 2.4 அங்குல அகலம் என்றால் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். வளையம் கல்லில் டங்கென்று மோதினால் இரண்டு கூட்டுங்கள். டயர் குதித்துக்கொண்டே போனால் ஒன்று குறையுங்கள். நம்பகமான அளவுமானி ஒன்று வாங்குங்கள், பம்பில் உள்ளதை நம்பாதீர்கள்.

உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் ஓட்டையை அடைக்கும், ஆனால் அதுவும் காயும். வெயிலைப் பொறுத்து இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். போன வருடம் ஊற்றியதை நம்பிப் போய், முள் குத்தி, டயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ரப்பர் உருண்டை மட்டும் உருண்டுகொண்டிருந்தது. ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன்.

டயரில் புதியது ரேடியல். கார் டயரில் ரொம்ப நாளாக இருப்பது; ஷ்வால்பே 2024-இல் மவுண்டன் பைக்குக்குக் கொண்டுவந்தது. உள்ளிழைகள் கிட்டத்தட்ட குறுக்காக ஓடுவதால் டயர் கல்லைச் சுற்றி மடங்கிப் பிடிக்கிறது. வழக்கத்தைவிடச் சில பிஎஸ்ஐ கூட வைக்க வேண்டும். ஈரமான வேர்களின்மேல் வித்தியாசம் எனக்கே தெரிந்தது. உருட்டுவதில் கொஞ்சம் மந்தம்.

பிரேக் எண்ணெய் எதுவானாலும் பரவாயில்லையா?

கூடவே கூடாது. ஷிமானோ மினரல் ஆயில். ஸ்ராம் நெடுங்காலமாக டாட் திரவம். ஆனால் அதன் டிபி8-ம் 2024-இல் வந்த மேவனும் மினரல் ஆயில். ஒரே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து ஊற்றினால் தப்பாகிவிடும். தப்பான திரவம் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களை ஊதவைத்து பிரேக்கையே பிடித்துக்கொள்ளச் செய்யும். என் பைக்கில் ஒரு கடை இதைச் செய்து கொடுத்தது. இரண்டு நாளில் லீவர் திரும்பவே இல்லை. நெம்புகோலின் மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

பிரேக் சூடாவது இந்த விளையாட்டோடு பிறந்தது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் பழைய குண்டு டயர் சைக்கிள்களில் மலையிறங்கினார்கள். பின்மிதி பிரேக்கின் கிரீஸ் ஒரே இறக்கத்தில் புகைந்து போய்விடும், ஒவ்வொரு முறையும் திரும்ப அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ரீபேக் (திரும்ப அடைத்தல்) என்று பெயர். இன்று அதற்குப் பதில் பெரிய டிஸ்க். கனமான ஆள், நீண்ட இறக்கம் என்றால் முன்னால் 200 மி.மீ. போடத் தயங்காதீர்கள். புது பேடைப் போட்டதும் மிதமான வேகத்திலிருந்து இருபது முறை மெல்லப் பிடித்து விடுங்கள், பிறகுதான் அது கடிக்கும்.

சஸ்பென்ஷனில் இத்தனை குமிழ்கள். எதைத் திருப்புவது?

முதலில் காற்று, பிறகு மற்றது. பைக்கில் ஏறி நின்றதும் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பது சாக். முன்னால் 15 முதல் 20 சதவீதம், பின்னால் 25 முதல் 30. இதைச் சரியாக வைத்தாலே முக்கால் வேலை முடிந்தது. திரும்பி எழும் வேகத்தை நடுவில் வையுங்கள், அமுக்கக் குமிழ்களை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஒரு மாதம் ஓட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கலாம்.

ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெயை 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ஃபோர்க் செய்யும் ராக்‌ஷாக்ஸ். யாரும் செய்வதில்லை. செய்தால் பழைய ஃபோர்க்கும் புதிது போல ஆகும்.

முழங்கால் கவசம் ஏறும்போது வியர்க்கிறதே?

வியர்க்கட்டும். மெல்லிய வகைகளில் டி3ஓ போன்ற பொருள் இருக்கும். சாதாரணமாக மெத்தென்று வளையும், அடி விழும் கணத்தில் இறுகும். இஎன் 1621-1 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மின் பைக் வாங்கலாமா?

வாங்கலாம். ஐரோப்பாவில் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரை மட்டும் மோட்டார் உதவும், நீங்கள் மிதித்தால்தான். டிரோன் செய்யும் டிஜேஐ 2024-இல் அவினாக்ஸ் என்ற மோட்டாரோடு உள்ளே வந்தது. 105 நியூட்டன் மீட்டர் முறுக்கு. போட்டி அதன் பிறகு சூடுபிடித்துவிட்டது, அதனால் இன்று வாங்கும் மோட்டார் சீக்கிரமே பழையதாகிவிடும் என்று தெரிந்தே வாங்குங்கள். 22 கிலோ பைக்கை வேலிக்கு மேலே தூக்க முடியுமா என்று கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மின் பைக்கை அனுமதிக்காத பாதைகளும் உண்டு, முதலில் விசாரியுங்கள்.

பைக்கில் போய் ஆற்றில் இறங்கிப் படகில் திரும்ப முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த கேள்வி இது. பேக்ராஃப்ட் என்ற காற்றடிக்கும் படகு மடித்தால் தூக்கப்பையில் அடங்கும். நுரையாற்று வகையே 3 முதல் 5 கிலோதான். ஆறு வரை பைக்கில் போய், சக்கரங்களையும் பெடல்களையும் கழற்றி, பைக்கை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கலாம். 2-ஆம் வகுப்புக்கு மேல் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கவிழ்ந்தால் மேலே விழுவது பைக். பல்சக்கரத்தின் பற்கள் படகைக் குத்தாமல் பழைய டயர்த் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டுங்கள். கட்டும் பட்டையின் நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள், தொங்கும் நுனி காலைப் பிடிக்கும். இறங்கிய அன்றே செயினுக்கு எண்ணெய் விடுங்கள், மறுநாள் காலை துரு வந்திருக்கும்.

சீசன் முடிந்ததும் எப்படி எடுத்து வைப்பது?

படகை வெயில் படாமல், பக்கவாட்டில் சாய்த்து அல்லது பட்டையில் தொங்கவிட்டு. அடி தரையில் பட மாதக்கணக்கில் வைத்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். லைஃப் ஜாக்கெட்டின் மேல் எதையும் அடுக்காதீர்கள், நுரை அமுங்கினால் மிதப்பு போச்சு. எறிகயிற்றைப் பையிலிருந்து முழுக்க உருவிக் காயவையுங்கள். மின் பைக் பேட்டரியைப் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பைக்கின் டயரில் காற்று இருக்கட்டும், மாதம் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள், சீலன்ட் ஒரே இடத்தில் உறையாது. டிரைசூட்டை மடிக்காமல் தொங்கவிடுங்கள்.